கூடையில் ஒரு சிவப்பு டேக்

சலவைக் கடைக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வசதி, துவைக்கிற வேலை வீட்டில் இல்லை. தொல்லை, வீட்டு அழுக்கு மொத்தமும் நாத்தனார் கண்ணில் பட்ட பிறகுதான் வெளுக்கும்.

போன வாரம் நாம் ஊசியை ஒரு மருந்துக் கடை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். கணவனின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊசி அவள் பெயர் இல்லை. கணவன் வீட்டாரின் சலவைக் கடையில் பின்பக்க அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் தைப்பது எல்லாம் அவள் கை. வாயும் கொஞ்சம் கூர்மை. கல்யாணமான புதிதில் கணவன் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. ஹாரன். துவைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேனை அவன்தான் ஓட்டுகிறான். தெருமுனையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை ஹாரன் அடிக்காமல் திரும்ப மாட்டான்.

ஊசிக்கு வந்தது என்ன? முதலில் காய்ச்சல். பிறகு இடுப்புக்குக் கீழே எரிச்சல், கொத்தாகக் கொப்புளங்கள், ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற வலி. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர்க் குளிர்ச்சியெல்லாம் தேடிக் கடைசியில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு ஹெர்ப்பிஸ் என்றார். பிறப்புறுப்பில் வருகிற வகை. உடலுறவு வழியாகத் தொற்றுவது. உடம்பை விட்டு அடியோடு போகாது, ஆனால் மாத்திரையாலும் சில பழக்கங்களாலும் அடக்கி வைக்கலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றார். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, வருஷக்கணக்கில் சத்தமே இல்லாமல் உள்ளே கிடக்கும், அதனால் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதே என்றும் சொன்னார்.

முதல் பாதி ஊசியின் காதில் ஏறியது. இரண்டாம் பாதி ஏறவில்லை. டாக்டர்கள் குடும்பம் உடையக் கூடாதென்று ஆண்களுக்குச் சப்பைக்கட்டு கட்டுவார்கள் என்பது அவள் முடிவு.

கணவனிடம் அன்றே சொன்னாள். அவன் நடுங்கிப்போய், "சத்தியமா நான் எங்கயும் போகல" என்றான். சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் கட்டிலின் இரண்டு ஓரங்களில் படுக்கிறார்கள். நடுவில் மகள் பாப்பா மட்டும் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள்.

ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். இன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போவது. அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. முக்கியமாக அவன் அக்காவிடம். ஊசி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

இன்று காலை, கடைக்குப் போக வேண்டிய வீட்டுத் துணிக்கூடையைத் தூக்கியவள், அப்படியே கீழே வைத்தாள்.

அவளுடைய நைட்டியில் ஒரு சிவப்பு டேக் பின் குத்தியிருந்தது.

அந்தக் கடையில் டேக் என்பது துணியின் ஜாதகம் மாதிரி. வாடிக்கை வீடுகளிலிருந்து வருகிற துணிக்கு வெள்ளை டேக். ஹோட்டல் மேஜை விரிப்புகளுக்கு நீலம். கிளினிக்கிலிருந்து வருகிற விரிப்பு, துண்டு, நோயாளி உடுப்புகளுக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். தனி மெஷின், கொதிக்கிற தண்ணீர், மூக்கைத் துளைக்கிற மருந்து. சொந்தக் குடும்பத்துத் துணிக்கு எந்த டேக்கும் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் போடுவார்கள்.

ஊசி கூடையைக் கிளறினாள். அவளுடைய துண்டில் சிவப்பு. டாக்டர் சொன்னதற்காகப் புதிதாக வாங்கிய தளர்வான பருத்தி உள்ளாடைகளில் சிவப்பு. கணவன் சட்டையில் இல்லை. பாப்பாவின் கவுனில் இல்லை.

கூடை முந்தின நாள் மாலை முழுக்க அண்ணியின் அறை வாசலில் இருந்தது. டேக் குத்தியது யார் என்று யோசிக்கத் தேவையில்லை. அண்ணிக்கு யார் சொன்னது என்பதுதான் கேள்வி. ஊசிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியும். டாக்டர் வந்து சொல்லியிருக்க மாட்டார்.

அவள் வேனுக்குப் போனபோது ஹாரன் உறை போட்ட கோட்டுகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எதை?"

"எதைன்னு என்னைக் கேக்காதீங்க."

அவன் கோட்டை விட்டுவிட்டுத் திரும்பினான். "பைத்தியமா உனக்கு? நான் எதுக்கு அவகிட்டப் போய் இதையெல்லாம் சொல்லப் போறேன்?"

"அப்ப என் துணியில மட்டும் சிவப்பு டேக் எப்படி வந்துச்சு? சுவரு சொல்லுச்சா?"

அவன் முகம் மாறியது. அது குற்றம் செய்தவன் முகமா, அதிர்ந்துபோனவன் முகமா என்று ஊசியால் பிரிக்க முடியவில்லை. சந்தேகம் வந்தவளுக்கு எல்லா முகமும் ஒரே முகம்தான்.

"சிவப்பா? நீ சரியாப் பார்த்தியா?"

"தையல்காரி கண்ணுக்கு நிறம் தெரியாதா?"

"நான் சொல்லல. சத்தியமாச் சொல்லல. இந்த ஒரு வார்த்தையையாவது நம்பு." அவன் குரல் உடைந்தது. "மத்ததுலதான் நம்பல. இதையும் நம்பலைன்னா, நான் சாயங்காலம் அங்க வந்து எதுக்கு உக்காரணும்?"

"அப்ப வராதீங்க."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அள்ள முடியாது. அவன் வேனில் ஏறினான். தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் அடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் கூட எட்டிப் பார்த்தார், வண்டிக்கு என்ன கோளாறோ என்று.

ஊசி அங்கேயே நின்று தீர்மானம் செய்துவிட்டாள். நோய் யாரிடமிருந்து வந்ததோ, அதை டாக்டர் சொன்னபடி சமாளிக்கலாம். ஆனால் பெண்டாட்டியின் உடம்பு விஷயத்தை அக்காவின் காதில் போடுகிறவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? சாயங்காலம் ஊரிலிருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும். வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். அவளையும் பாப்பாவையும்.

பாப்பாவைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். அண்ணி வழக்கம்போல முன்மேஜையில் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவள் ஹாரனின் மூத்த அக்கா. கல்யாணமாகிப் போனவள், ஒரு நாள் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஒத்துப்போகல" என்ற ஒரே பதில். திமிர் என்றார்கள் சொந்தக்காரர்கள். தம்பியும் அப்படித்தான் நினைக்கிறான். அக்காவின் கணவரான அந்த மாமாவைக் கண்டால் இன்னமும் வேனை நிறுத்தி நலம் விசாரிக்கிறான். அண்ணி அதைக் கண்டும் காணாதவள் போல இருந்துவிட்டாள். கடையைக் கையில் எடுத்தாள், அன்றிலிருந்து கடைக்குச் சிரிப்பு குறைந்து பேர் கூடியது.

ஊசிக்கு அண்ணி மீது ஒரு பழைய ஆற்றாமை உண்டு. பாப்பா பிறந்ததிலிருந்து அண்ணி அவளை ஒரு தடவை கூடத் தூக்கியதில்லை. முத்தம் கொடுத்ததில்லை. குழந்தை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், "இந்தாம்மா, உன் பொண்ணைப் பிடி" என்று விலகிவிடுவாள். கல்நெஞ்சம் என்று ஊசி என்றோ முத்திரை குத்திவிட்டாள்.

இன்று அந்தக் கல்நெஞ்சத்தின் ஒவ்வொரு அசைவையும் ஊசி கவனித்தாள். அண்ணி அவளிடம் கத்தரிக்கோலைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள். சரி. டீ வந்தபோது ஊசியின் டம்ளரைத் தள்ளித் தனியாக வைத்தாள். அதுவும் சரி. தான் குடித்த டம்ளரையும் தனியாகத்தான் கழுவி ஆணியில் மாட்டினாள், ஆனால் அது எப்போதும் நடப்பது என்பதால் ஊசி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தேகம் தனக்கு வேண்டியதை மட்டும்தான் பொறுக்கும்.

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பட்டன் ஒண்ணு காணோம். இங்க குடுக்கறப்ப இருந்துச்சு."

"இங்க வர்றப்பவே இல்ல சார்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"பட்டன் இருந்த இடத்துல நூலே இல்ல. பட்டன் போய் ரொம்ப நாளாச்சு. உங்க வீட்டம்மா பாக்கல, அவ்வளவுதான்." அண்ணி பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஊசி, சாருக்கு ஒரு பட்டன் வச்சுக் குடு."

வாத்தியார் கோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இந்தப் பெண்பிள்ளையிடம் எதுவும் தப்பாது என்று ஊசி நினைத்துக்கொண்டாள்.

அவள் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணி ஒரு பழைய தலையணையோடு வந்து ஸ்டூல் பக்கத்தில் வைத்தாள்.

"இதைப் போட்டு உக்காரு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மா எதையும் செய்கிற ஆளா அண்ணி? ஊசி அதைத் தொடவில்லை. ஸ்டூலின் நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து தைத்தாள். கொப்புளங்கள் ஆறிக்கொண்டிருந்தன, ஆனால் முழுக்க ஆறவில்லை.

மத்தியானம் வாடிக்கையாளர் வரத்து ஓய்ந்தது. அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டு மெஷின் அறைக்குள் போனாள். ஊசியும் எழுந்தாள். இனி பொறுக்க முடியாது. போகிறதாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அறை முழுக்க நீராவி. சிவப்பு டேக் துணிகளுக்கான மெஷினின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணி ஒரு கூடைமுன் குனிந்திருந்தாள். கூடையில் மேலாக, அண்ணி வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த ஊசியின் துணிகள்.

"அதை வையுங்க அண்ணி."

அண்ணி நிமிர்ந்தாள்.

"என் துணிய நானே துவைச்சுக்குவேன். கிளினிக் அழுக்கோட போட வேண்டாம். அருவருப்பா இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க, ஒரே வீட்ல இருக்க வேண்டாம்னு சொல்லுங்க, போயிடுறேன். இப்படி டேக் குத்தி அவமானப்படுத்தாதீங்க."

சொல்லிக்கொண்டே கூடையைப் பிடித்து இழுத்தாள். கூடை சாய்ந்தது. துணிகள் தரையில் கொட்டின.

மேலே இருந்தவை ஊசியின் துணிகள். அடியில் இருந்தவை கிளினிக் துணிகள் இல்லை.

சாம்பல் நிறத்தில் ஒரு மேல்சட்டை. அதன் பக்கத் தையலைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்ததே ஊசிதான். அண்ணியின் சட்டை. அண்ணியின் உள்ளாடைகள். அண்ணியின் துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு டேக். ஊசியின் டேக்குகள் ரத்தச் சிவப்பில் புதிதாக இருந்தன. இவை கொதிநீரில் வெந்து வெந்து வெளிறிப்போயிருந்தன. இவற்றை இன்று நேற்று குத்தவில்லை.

அண்ணி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முதலில் ஊசியின் துணிகளை, பிறகு தன்னுடையதை.

"அவமானப்படுத்தணும்னு குத்தல" என்றாள் தரையைப் பார்த்தபடி. "நான் எப்பவும் செய்யறதைத்தான் உனக்கும் செஞ்சேன்."

"அண்ணி..."

"கதவைச் சாத்து."

ஊசி சாத்தினாள்.

அண்ணி கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் உடுப்புப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை.

"அவன் ஜாக்கெட் பாக்கெட்ல இருந்துச்சு. மெஷின்ல போடறதுக்கு முன்னாடி எல்லா பாக்கெட்டையும் நான்தான் பாப்பேன்னு தெரியாதா உனக்கு?"

மருந்துக் கடைக்குப் போனபோது மாட்டிக்கொண்டு போன ஜாக்கெட். ஒரு அட்டையைக் காணோமென்று ஊசி வீடெல்லாம் தேடியிருந்தாள். சலவைக் கடை மருமகள், பாக்கெட்டைக் காலி செய்யாமல் துணியைப் போட்டிருக்கிறாள். வாடிக்கையாளர் செய்தால் அவளே கேலி செய்திருப்பாள்.

"முதல்ல தம்பிக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் நீ ஸ்டூல்ல உக்கார்ற விதத்தைப் பார்த்தேன். நுனியில, ஒரு பக்கமா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. நான் அப்படித்தான் உக்காந்திருந்தேன், அந்த வீட்ல. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அந்த... மாமாவா?"

அண்ணி தலையசைத்தாள். "கேட்டதுக்கு, பொதுக் குளியலறையில ஒட்டியிருக்கும்னார். நானும் நம்பினேன். ஒரு நாள் அவர் மேஜை டிராயர்ல இதே மாத்திரை. எனக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்தே போட்டுட்டு இருந்திருக்கார். தெரிஞ்சே மறைச்சார். அன்னிக்கே பெட்டியக் கட்டிட்டேன்."

இத்தனை வருஷம் இந்தப் பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்றார்கள், ஊசியும் சேர்ந்துகொண்டு தலையாட்டினாள். வெட்கமாக இருந்தது.

"டாக்டர்கிட்டப் போகலையா அண்ணி?"

"ஒரே ஒருத்தர்கிட்டப் போனேன். நாலு பேர் நடுவுல, இதெல்லாம் எங்க வாங்கிட்டு வந்தேன்னு கத்தினார். அதோட சரி. அந்த மாத்திரை பேர் ஞாபகம் இருந்துச்சு. தூரத்துல ஒரு மருந்துக் கடையில வாங்குவேன். வலி தாங்கவே முடியாதப்ப ஒண்ணு ரெண்டு போட்டுக்குவேன்."

"ஐயோ, அப்படிப் போடக் கூடாது அண்ணி." ஊசி அவளருகே தரையிலேயே உட்காரப் போய், வலியில் முகம் சுளித்து, துணி மூட்டைமேல் சாய்ந்துகொண்டாள். "கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி ஒரு குறுகுறுப்பு வரும்ல?"

"வரும். தொடையில சுள்ளுன்னு இழுக்கும்."

"அப்பவே ஆரம்பிக்கணுமாம். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடாமப் போடணும். உடைஞ்சு புண்ணான பிறகு போட்டா பாதி பிரயோஜனம்தான். அடிக்கடி வந்தா, தினமும் ஒண்ணு போடற மாதிரியும் குடுப்பாங்களாம். அப்படிப் போட்டா வர்றதே குறையும், அடுத்தவங்களுக்குத் தொத்தறதும் குறையும். டாக்டரைப் பார்த்துட்டுத்தான், நாமளா இல்ல."

"இவ்வளவு காலம் கஞ்சத்தனமா ஒவ்வொண்ணா எண்ணி வச்சுக்கிட்டிருந்தேனே."

"அப்புறம் அலைச்சல், தூக்கம் கெடறது, மனசுல கவலை, இதெல்லாம் அதைத் தட்டி எழுப்பும்னாங்க. நேரத்துக்குத் தூங்கணும்."

"தூங்கணுமா!" அண்ணி முதல்முறையாகச் சிரித்தாள். "கடையை உன் டாக்டர் வந்து பாத்துக்குவாரா?"

ஊசிக்கும் சிரிப்பு வந்தது. "இறுக்கமாப் போடக் கூடாது, ஈரத்தோட இருக்கக் கூடாது. புண்ணைத் தொட்டா உடனே சோப்புப் போட்டுக் கை கழுவணும். புண் இருக்கறப்ப புருஷன் பொண்டாட்டி சேரக் கூடாது, குறுகுறுப்பு வந்தாலே தள்ளி இருக்கணும். மத்த நேரத்துல ஆணுறை. புண் இல்லாதப்பவும் கொஞ்சம் தொத்துமாம்."

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுல்ல? வெதுவெதுன்னு தண்ணியை மேல ஊத்திக்கிட்டே போ. எரியாது."

"டாக்டரும் அதையேதான் சொன்னாங்க!"

"அந்த டாக்டருக்கு யாரு சொன்னாங்களோ" என்றாள் அண்ணி. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. கீழே கிடந்த வெளிறிய டேக்குகளைப் பார்த்தாள். "இதுக்கு எந்தத் தண்ணி? இன்னும் சூடு பண்ணணுமா?"

"எதுக்கு?"

"துணிக்கு. ஒட்டாம இருக்க."

ஊசி அவளைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று புரிய ஒரு கணம் ஆனது.

"துணியில ஒட்டாது அண்ணி. அது உடம்புக்கு வெளிய சீக்கிரமே செத்துடும். எல்லாரோட துணியோடயும் சாதாரணமாத் துவைக்கலாம்."

"துண்டுல?"

"துண்டுல வராது."

"டம்ளர்?"

"உங்களுக்கு இடுப்புக்குக் கீழதானே? டம்ளர்ல என்ன இருக்கு?"

அடுத்த கேள்வி வெளியே வரப் பயந்தது.

"பாப்பா?" என்றாள் கடைசியில்.

"பாப்பாவைத் தூக்கலாம் அண்ணி." என்றாள் ஊசி. "மடியில போட்டுக்கலாம். என்னிக்குமே தூக்கியிருக்கலாம்."

அண்ணி கிளினிக் விரிப்புகளின் மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள். பிறகு முன்மேஜையில் யாருக்கும் எதற்கும் மசியாத அந்தப் பெண்பிள்ளை, வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். ஊசி அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படி ஒருவரையொருவர் தொட்டது அதுவே முதல் தடவை.

அழுது முடித்ததும் அண்ணி பழைய அண்ணியானாள். முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"தம்பிக்குத் தெரியக் கூடாது."

"அண்ணி, அவரு..."

"கூடாதுன்னா கூடாது. தெரிஞ்சா அந்த ஆளைத் தேடிப் போய் வெட்டுவான். ஜெயிலுக்குப் போவான். அதுவும் வேண்டாம்னு வை. அவன் என்னைப் பாக்கறப்ப எல்லாம் இதுதான் அவன் கண்ணுல நிக்கும். திமிர் பிடிச்ச அக்காவாவே இருந்துட்டுப் போறேன். சத்தியம் பண்ணு."

ஊசி யோசித்தாள். பாப்பாவைப் பற்றிக் கேட்டபோது அந்த முகம் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. சத்தியம் செய்துகொடுத்தாள்.

அதன் பிறகுதான் மண்டையில் உறைத்தது. அப்படியானால் அவன் சொல்லவில்லை. காலையில் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. இந்த ஒரு வார்த்தையையாவது நம்பு என்று கெஞ்சியவனை, வராதே என்று அனுப்பியிருக்கிறாள்.

அண்ணனுக்குப் போன் செய்யும் யோசனை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சாயங்காலமானதும், பட்டன் வைத்த வாத்தியாரின் கோட்டை முன்மேஜையில் போட்டுவிட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு, டாக்டரின் தெருவுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

எதிர்ச்சாரியில் வேன் நின்றது.

அவன் ஓட்டுநர் இருக்கையில் ஸ்டியரிங்மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். ஊசி ஏறி உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"வர்றேன்னு சொல்லியிருந்தேன்ல."

"நான்தான் வராதீங்கன்னேனே."

"அது என் காதுல விழல" என்றான்.

அவளுக்கு அவன்மேல் அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. இப்படி ஒருவனையா கட்டிலின் ஓரத்தில் தள்ளினோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டர் சொன்ன இரண்டாம் பாதி இப்போதுதான் அவள் காதில் ஏறியது. வருஷக்கணக்கில் உள்ளே கிடக்குமாம். யார்மேலும் பழி போட வழியில்லையாம். இவன் வாயிலிருந்து பொய் வராது. இதில் வரவில்லையென்றால் எதிலும் வராது.

"நீங்க அக்காகிட்ட சொல்லல. எனக்குத் தெரியும். காலையில நான் பேசினது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த விஷயத்துல மட்டும் இல்ல. நோய் விஷயத்துலயும் உங்க மேல எனக்கு இனிமே துளிகூடச் சந்தேகம் இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து! ஆனால் மலர்ந்தது பாதியில் நின்றது.

"அக்காவைக் கேட்டியா?"

"இல்லையே."

"அப்புறம் எப்படித் தெரியும், நான் சொல்லலைன்னு?"

"தெரியும். அவ்வளவுதான்."

"அந்த டேக்?"

"அது... தவறுதலா வந்திருக்கும்."

சலவைக் கடையில் பிறந்து வளர்ந்தவனிடம் சொல்கிற பொய்யா அது? பின்னைத் திறந்து, துணியில் கோத்து, பின்னை மூட வேண்டும். தவறுதலாக அது ஒரு துணியில் கூட நடக்காது. ஊசியின் துணிகளைத் தேர்ந்தெடுத்து, அத்தனையிலுமா நடக்கும்? அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"காலையில என்னைக் கொலைகாரன் மாதிரி பார்த்தே. இத்தனை நாளா அப்படித்தான் பார்த்தே. சாயங்காலத்துக்குள்ள என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காம என் மேல சந்தேகம் எப்படிப் போச்சு?"

அண்ணியின் முகம் கண்முன் வந்தது. ஊசி வாயைத் திறந்தாள். சத்தியம் வந்து வாயை மூடியது.

அவன் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கோத்துப் பேசினான்.

"என்கிட்டேர்ந்து வரலைன்னு இப்ப உனக்கு நல்லாத் தெரியும். அப்படின்னா யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சுபோச்சு. அதானே?"

"ஐயோ! அப்படி இல்லைங்க!"

"பின்ன எப்படி? சொல்லு. ஒரே ஒரு காரணம் சொல்லு, நம்பிடறேன்."

காரணம் அவளிடம் இருந்தது. சொல்லத்தான் வாயில்லை. இன்று காலை தான் அவனை எந்தக் கண்ணால் பார்த்தோமோ, அதே கண்ணால் அவன் தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே கிளினிக் வாசலில் நர்ஸ் வந்து நின்று, அடுத்தவர் யார் என்று கையசைத்தாள். ஹாரன் வேனை விட்டு இறங்கினான். சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"வா. டாக்டர் முன்னாடி வச்சே சொல்லு, யாருன்னு."